601201: ஓர் எண்ணைப் பிரித்துப் பார்க்கும் வழி

கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் எந்தத் தொழிற்சாலையின் வாசலில் நின்றாலும் ஓர் ஆறு இலக்க எண் கண்ணில் படும்: 601201. பெயர்ப்பலகையின் கடைசி வரியில், டெலிவரி சலானில், எடை மேடைச் சீட்டில், பார்சல் லேபிளில் அது இருக்கும். ஊரின் பின்கோடு அது. வேலைக்கு வருகிறவர்கள் ஆண்டுக்கணக்காக எழுதியும் தட்டச்சு செய்தும் பழகியிருப்பார்கள். ஆனால் அதை ஓர் எண்ணாக, கூட்டவும் வகுக்கவும் கூடிய பொருளாக, யாரும் பார்ப்பதில்லை.

இந்தியாவில் பின்கோடு முறை 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. அதை வகுத்தவர் மத்தியத் தகவல்தொடர்பு அமைச்சகத்தில் அதிகாரியாக இருந்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். முதல் இலக்கம் 6 என்றால் தமிழ்நாடு, கேரளம் அடங்கிய மண்டலம். முதல் மூன்று இலக்கங்கள் தபால் பிரிக்கும் பகுதியைக் காட்டும், கடைசி மூன்று இலக்கங்கள் கடிதத்தைக் கொண்டுசேர்க்கும் அஞ்சலகத்தைக் காட்டும். இந்த ஏற்பாட்டில் கணிதக் குணம் எதுவும் கருதப்படவில்லை. ஆயினும் ஒரு முழு எண்ணை எழுதிவிட்டால் அதன் காரணிகளும் மீதிகளும் கூடவே வந்துவிடுகின்றன. அவற்றை யாரும் ஒதுக்கித் தர வேண்டியதில்லை, மாற்றவும் முடியாது.

அந்தக் குணங்களைத் தாளும் பேனாவும் செல்போன் கால்குலேட்டரும் கொண்டு கண்டுபிடிக்கும் வழி இந்த அத்தியாயத்தில் முதலில் வருகிறது. பிறகு இதே வட்டாரத்தில் ஓடும் வேறு வகை எண்கள். சரக்கு வேகன் எண், கன்டெய்னர் எண் போன்றவற்றில் மனிதர்கள் வேண்டுமென்றே கணிதத்தைப் புகுத்தி வைத்திருக்கிறார்கள். முதல் வகையைப் புரிந்துகொண்டவருக்கு இரண்டாவது எளிதில் விளங்கும்.

பெரிய எண் ஒன்று கையில் கிடைத்தால் முதலில் கேட்க வேண்டியது, இது பகா எண்ணா, பகு எண்ணா என்பதுதான். 1-ஆலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாதது பகா எண். 601201-ஐச் சோதிக்க ஆறு லட்சம் எண்களால் வகுக்க வேண்டியதில்லை. ஓர் எண் இரண்டு காரணிகளின் பெருக்கல் என்றால், இரண்டுமே அதன் வர்க்க மூலத்தைவிடப் பெரியதாக இருக்க முடியாது. 601201-இன் வர்க்க மூலம் 775.37. ஆகவே 775 வரைக்கும் பார்த்தால் போதும். அதிலும் பகா எண்களால் மட்டும் வகுத்தால் போதும். 4-ஆல் வகுபடும் எண் 2-ஆலும் வகுபடும், 15-ஆல் வகுபடுவது 3-ஆலும் வகுபடும் அல்லவா? 2-இல் தொடங்கி 773 வரை 137 பகா எண்கள் உள்ளன. மொத்த வேலை 137 வகுத்தல்கள், அதற்கு மேல் இல்லை.

அவற்றிலும் பல, வகுக்காமலே தீர்ந்துவிடும். கடைசி இலக்கம் 1 என்பதால் 2, 5 இரண்டும் கழிந்தன. இலக்கங்களைக் கூட்டினால் 6+0+1+2+0+1 = 10. அது 3-ஆல் வகுபடாததால் 601201-உம் வகுபடாது.

இலக்கங்களைக் கூட்டும் பழக்கம் நம் ஊரில் எல்லோருக்கும் உண்டு. திருவள்ளூர் வட்டாரத்தில் டி.என். 20 பதிவெண் வாங்கும்போது கூட்டினால் 9 வர வேண்டும் என்று பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கூட்டுத்தொகை எண்ணைப் பற்றித் தருவது ஒரே ஒரு செய்திதான்: 9-ஆல் வகுத்தால் கிடைக்கும் மீதி. 2736-ஐக் கூட்டினால் 18, மறுபடி கூட்டினால் 9. அதாவது 2736 மீதியின்றி 9-ஆல் வகுபடுகிறது (9 × 304). 601201-க்குக் கூட்டுத்தொகை 10, பிறகு 1. 9-ஆல் வகுத்தால் மீதி 1. இந்தச் செய்தி சிறியதுதான், ஆனால் பயனுள்ளது. பின்னால் ஒரு முக்கியமான இடத்தில் இந்த மீதி 1 உதவிக்கு வரும்.

அடுத்த உத்தி பள்ளிப் பாடங்களில் அதிகம் சொல்லப்படுவதில்லை, ஆனால் மனப்பாடம் செய்து வைக்கத் தகுந்தது. 7 × 11 × 13 = 1001. ஆகவே எண்ணை வலப்பக்கத்திலிருந்து மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்து, மாறி மாறிக் கூட்டிக் கழித்தால், ஒரே கணக்கில் மூன்று பகா எண்களைச் சோதித்துவிடலாம். 601 | 201 என்று பிரித்து 201-இலிருந்து 601-ஐக் கழித்தால் −400. 400 என்பது 2-உம் 5-உம் மட்டுமே பெருகி வந்த எண். அதில் 7, 11, 13 எதுவும் இல்லை. எனவே 601201-இலும் இல்லை. இதே பிரிப்பில் கழிப்பதற்குப் பதில் கூட்டினால் 802. 999 = 27 × 37 என்பதால் இந்தக் கூட்டுத்தொகை 37-க்கு உதவும். 802-ஐ 37-ஆல் வகுத்தால் மீதி 25, ஆக 37-உம் கழிந்தது. ஒன்பது, பன்னிரண்டு இலக்க எண்களுக்கும் இந்த வழி அப்படியே பொருந்தும். நீளமான எண் என்றால் மூன்று இலக்கக் குழுக்கள் கூடும், அவ்வளவே.

மீதமுள்ளவை 130 பகா எண்கள். இங்கே கால்குலேட்டர் வேண்டும், கூடவே ஓர் எச்சரிக்கையும். 601201-ஐ 167-ஆல் வகுத்தால் திரையில் 3600.0059... என்று வரும். அவசரத்தில் பார்க்கிறவர் சரியாக 3600 என்று எடுத்துக்கொள்வார். தசமப் பகுதியை நம்பக் கூடாது. முழுப் பகுதியைத் திரும்பப் பெருக்கிப் பார்க்க வேண்டும்: 167 × 3600 = 601200. மீதி 1. இதேபோல 677 × 888 = 601176, மீதி 25. வகுத்தல்களை ஒரு நோட்டில் மூன்று பத்திகளாக (பகா எண், ஈவு, மீதி) எழுதிக்கொண்டே போனால் விடுபடாது. 26 மாணவர்கள் உள்ள வகுப்பென்றால் ஆளுக்கு 5 வகுத்தல். ஒரு பாடவேளைக்குள் முடிந்துவிடும்.

முடிவில் எல்லா மீதிகளும் பூச்சியமல்லாத எண்களாகவே நிற்கும். 601201 ஒரு பகா எண்.

இது எவ்வளவு அரிது? ஆறு லட்சத்தை ஒட்டிய எண்களில் ஏறத்தாழ 13-க்கு ஒன்றுதான் பகா எண். சுற்றியுள்ள ஊர்களின் பின்கோடுகளை எடுத்துப் பார்த்தாலே வேறுபாடு தெரியும். திருவள்ளூரின் 602001, இலக்கக் கூட்டுத்தொகை 9 என்பதால், பார்த்தவுடனே 9-ஆல் வகுபடுகிறது: 9 × 66889, அதில் 66889 பகா எண். பொன்னேரியின் 601204 இரட்டைப்படை, 4-ஆல் வகுபடும். மீஞ்சூரின் 601203, கூட்டுத்தொகை 12 என்பதால் 3-ஆல் வகுபடும். சென்னைத் தலைமை அஞ்சலகத்தின் 600001 சற்று ஏமாற்றும். பகா எண் போலத் தோன்றினாலும் அது 19 × 23 × 1373.

பகா எண்ணுக்குப் பக்கத்து வீட்டில் என்ன இருக்கிறது என்பதும் பார்க்க வேண்டியது. 601201-இலிருந்து ஒன்றைக் கழித்தால் 601200. அது 16 × 9 × 25 × 167. காரணிகளின் எண்ணிக்கையைப் பட்டியல் போடாமலே கணக்கிடலாம். ஒவ்வொரு பகா எண்ணின் அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்கினால் போதும். 2-இன் அடுக்கு 4, 3-க்கு 2, 5-க்கு 2, 167-க்கு 1. ஆகவே 5 × 3 × 3 × 2 = 90 காரணிகள். 601200 போல்ட்டுகளைச் சம எண்ணிக்கையில் பெட்டிகளில் அடைக்க 90 வழிகள் உண்டு. ஒரே ஒரு போல்ட் கூடினால் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட வேண்டும், அல்லது ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கட்ட வேண்டும். அடுத்தடுத்த இரண்டு எண்களின் உள்ளமைப்பு இப்படித் தலைகீழாக இருப்பது எண்கணிதத்தில் சாதாரணம், ஆனாலும் ஒவ்வொரு முறையும் வியப்பூட்டும்.

நிறையக் காரணிகள் கொண்ட எண்களை முழுமையாக ஆராய்ந்தவர் ராமானுஜன். 1912 மார்ச் 1 அன்று மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் மெட்ராஸ் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் கணக்குப் பிரிவில் எழுத்தராகச் சேர்ந்தவர் அவர். இங்கிலாந்து சென்றபின் 1915-இல் வெளியான அவருடைய நீண்ட கட்டுரை, தனக்கு முந்தைய எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகள் பெற்ற எண்களைப் பற்றியது. 601201 வரையுள்ள எண்களில் அந்தப் பெருமை 554400-க்கு உரியது. 32 × 9 × 25 × 7 × 11 என்று அது பிரியும், காரணிகள் 216. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1917-இல், ஹார்டியும் ராமானுஜனும் சேர்ந்து ஒரு பெரிய எண்ணுக்கு வழக்கமாக எத்தனை வெவ்வேறு பகாக் காரணிகள் இருக்கும் என்று நிறுவினார்கள். அந்த எண்ணிக்கை மிக மெதுவாகத்தான் வளரும். ஆறு இலக்க எண்களுக்கு அது மூன்றை ஒட்டியே நிற்கிறது. சென்னையின் 600001-க்கு மூன்று, திருவள்ளூருக்கு இரண்டு, கும்மிடிப்பூண்டிக்கு ஒன்று.

இனி இந்த எண்ணின் மிக அழகான குணம். 

4-ஆல் வகுத்தால் மீதி 1 தரும் எந்தப் பகா எண்ணையும் இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுதலாம், அதுவும் ஒரே ஒரு வழியில்தான் எழுத முடியும். பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா 1640-இல் ஒரு கடிதத்தில் இதை எழுதினார். நூறாண்டுக்குப் பிறகு ஆய்லர் நிறுவிக் காட்டினார். 13 = 9 + 4, 29 = 25 + 4, 41 = 25 + 16. இரண்டு வர்க்கங்களின் கூட்டாக அமைந்த எண்கள் இரண்டைப் பெருக்கினால் வருவதும் அப்படியே அமையும் என்பது இந்தியாவில் அதற்கும் வெகு முன்பே தெரிந்திருந்தது. கி.பி. 628-இல் பிரம்மகுப்தர் எழுதிய நூலில் உள்ள ஒரு விதி இதையும் உள்ளடக்கியது. 5-ஐயும் 13-ஐயும் பெருக்கினால் 65. அதை 64 + 1 என்றும் 49 + 16 என்றும் இரண்டு வழிகளில் எழுதலாம். பகு எண் என்பதால் இரண்டாவது வழி வந்துவிட்டது.

இந்த இரண்டாவது வழியைத்தான் ஆய்லர் ஒரு சோதனையாக மாற்றினார். 4-ஆல் வகுத்து மீதி 1 தரும் எண்ணை எடுத்துக்கொள்க. அதை இரண்டு வர்க்கங்களின் கூட்டாக எழுத ஒரே ஒரு வழிதான் உண்டு என்றும், அந்த இரண்டு எண்களுக்கும் 1-ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லை என்றும் காட்டிவிட்டால், எடுத்த எண் பகா எண்ணேதான். வகுத்தலே தேவையில்லை.

601201-க்கு இந்தச் சோதனை அற்புதமாகப் பொருந்துகிறது. வர்க்கங்கள் முடிவது 0, 1, 4, 5, 6, 9 ஆகிய இலக்கங்களில் மட்டும். இரண்டு வர்க்கங்கள் கூடி 1-இல் முடிய வேண்டுமானால் 0-உம் 1-உம் சேர வேண்டும், அல்லது 5-உம் 6-உம் சேர வேண்டும். இரண்டிலும் ஒரு வர்க்கம் 5-இன் மடங்கு. அப்படியானால் அந்த வர்க்கம் 25-இன் மடங்கு. 601200 என்பதும் 25-இன் மடங்கு. எனவே மற்ற வர்க்கத்தை 25-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். அந்த எண் 25-இன் ஏதோ ஒரு மடங்குக்கு ஒன்று கூடவோ ஒன்று குறைவாகவோ இருந்தால்தான் இது நடக்கும். 1, 24, 26, 49, 51, 74, 76 என்று 774 வரை போனால் மொத்தம் 62 எண்கள் மட்டுமே தேறும்.

முதலில் உள்ள 1 பயன்படாது, 601200 வர்க்கமல்ல. அடுத்தது 24. அதன் வர்க்கம் 576. 601201-இலிருந்து கழித்தால் 600625. இது 775-இன் வர்க்கம்!

601201 = 775² + 24².

ஒரு வழி கிடைத்தது. வேறு வழி இல்லை என்று காட்ட வேண்டும். மிச்சம் 60 எண்களையும் சோதிக்கலாம். இரண்டு சல்லடைகள் அந்த வேலையைக் குறைக்கும். 601201-ஐ 16-ஆல் வகுத்தால் மீதி 1. அதனால் தேடும் எண் இரட்டைப்படையானால் 4-இன் மடங்காக இருக்க வேண்டும். ஒற்றைப்படையானால் 8-இன் மடங்குக்கு ஒன்று கூடவோ குறையவோ இருக்க வேண்டும். இந்தச் சல்லடை 62-ஐ 30 ஆக்குகிறது. இரண்டாவது சல்லடை முன்னே கண்ட 9-இன் மீதி. அது 1 என்பதால், தேடும் எண் 3-இன் மடங்காக இருக்க வேண்டும், அல்லது 9-இன் மடங்குக்கு ஒன்று கூடவோ குறையவோ இருக்க வேண்டும். 30 இப்போது 17 ஆகிறது. அந்த 17-இல் 1, 24 இரண்டும் பார்த்தாகிவிட்டது. மீதி 15-ஐப் பார்ப்பது கால் மணி நேர வேலை. 199-ஐ எடுத்தால் மிஞ்சுவது 561600. 75-இன் வர்க்கம் 5625, ஆகவே 5616 வர்க்கமல்ல, 561600-உம் அல்ல. 676-ஐ எடுத்தால் மிஞ்சுவது 144225. 375-இன் வர்க்கம் 140625, 385-இன் வர்க்கம் 148225. இரண்டுக்கும் இடையில் 5-இல் முடியும் எண் இல்லை. இப்படியே மற்றவையும் தோற்கும். 24-க்கும் 775-க்கும் பொதுக் காரணி இல்லை. 137 வகுத்தல்கள் சொன்ன அதே முடிவை 17 கழித்தல்கள் சொல்லிவிட்டன.

பொதுக் காரணி பற்றிய நிபந்தனையை ஏன் விடக் கூடாது என்பதற்குத் திருவள்ளூரே சாட்சி. 602001 = 705² + 324². இதற்கும் ஒரே ஒரு வழிதான். ஆனால் 705, 324 இரண்டும் 3-ஆல் வகுபடும். அந்த 3-ஐ வெளியே எடுத்தால் 9 × (235² + 108²) என்று எண் உடைந்துவிடுகிறது. இந்த நிபந்தனையை மறந்துவிட்டு 602001-ஐப் பகா எண் என்று எழுதிவிடுவது, இந்த முறையைக் கற்கிறவர்கள் எளிதில் செய்யக்கூடிய பிழை.

ஆறு இலக்கம் வரை கைக்கணக்கு போதும். நூறு இலக்க எண்ணை இப்படிச் சோதிக்கப் போனால் எந்தக் கணினிக்கும் ஆயுள் போதாது. பகா எண்ணா இல்லையா என்பதை எந்த எண்ணுக்கும் ஐயமின்றி, நியாயமான நேரத்துக்குள் தீர்மானிக்கும் வழியை 2002-இல் கான்பூர் ஐஐடியில் மணீந்திர அகர்வால், நீரஜ் கயல், நிதின் சக்சேனா மூவரும் கண்டுபிடித்தார்கள். ஆனால் பகு எண் என்று தெரிந்த பெரிய எண்ணின் காரணிகளை வேகமாகக் கண்டுபிடிக்க இன்றைய கணினிகளுக்கு வழி தெரியாது. இணையத்தில் பணப் பரிமாற்றத்தைக் காக்கும் ஆர்எஸ்ஏ பூட்டுகள் இந்த இடைவெளியில்தான் நிற்கின்றன. 2048 பிட் அளவுள்ள அப்படியொரு எண்ணுக்கு ஏறத்தாழ 617 இலக்கங்கள்.

இனி மனிதர்கள் கணிதத்தைப் புகுத்திய எண்கள். பின்கோட்டில் ஓர் இலக்கத்தைத் தவறாக எழுதினால் அது வேறோர் ஊருக்கு உரிய சரியான பின்கோடாக மாறிவிடலாம். எண்ணைப் பார்த்துப் பிழையைக் கண்டுபிடிக்க வழியில்லை. சென்னை–கூடூர் பாதையில் கும்மிடிப்பூண்டி நிலையத்தைக் கடந்து போகும் சரக்கு வேகன்கள் அப்படியல்ல. அவற்றின் பக்கவாட்டில் 11 இலக்க எண் எழுதப்பட்டிருக்கும். முதல் இரண்டு இலக்கங்கள் வேகனின் வகை, அடுத்த இரண்டு அதன் உரிமையுள்ள ரயில்வே, அடுத்த இரண்டு தயாரான ஆண்டு, பின் நான்கு அந்த வேகனுக்குரிய எண். பதினொன்றாவது, சரிபார்ப்பு இலக்கம்.

அதைக் கணக்கிடும் விதி எளிது. 2, 4, 6, 8, 10-ஆம் இடங்களில் உள்ள இலக்கங்களைக் கூட்டி 3-ஆல் பெருக்க வேண்டும். 1, 3, 5, 7, 9-ஆம் இட இலக்கங்களை அதனுடன் கூட்ட வேண்டும். வரும் தொகை அடுத்த பத்தின் மடங்கை எட்ட எவ்வளவு தேவையோ அதுவே சரிபார்ப்பு இலக்கம். பயிற்சிக்காக 1206114725 என்ற பத்து இலக்கங்களை எடுத்துக்கொள்ளலாம். இரட்டை இடங்களில் 2, 6, 1, 7, 5, கூட்டினால் 21, மும்மடங்கு 63. ஒற்றை இடங்களில் 1, 0, 1, 4, 2, கூட்டினால் 8. மொத்தம் 71. எண்பதை எட்ட 9 வேண்டும். ஆக முழு எண் 12061147259. மளிகைப் பொருள்களில் 890 என்று தொடங்கும் 13 இலக்க பார்கோடின் கடைசி இலக்கமும் இதே விதியில்தான் வருகிறது.

பதிவேட்டில் எழுதும்போது 47 என்பதை 74 என்று மாற்றி எழுதிவிட்டால் என்ன ஆகும்? இரட்டை இடக் கூட்டு 18, மும்மடங்கு 54. ஒற்றை இடக் கூட்டு 11. மொத்தம் 65. சரிபார்ப்பு இலக்கம் 5 ஆக வேண்டும், ஆனால் எழுதியிருப்பது 9. பிழை பிடிபட்டது. ஓர் இலக்கம் மட்டும் தவறினாலும் இந்த விதி எப்போதும் பிடித்துவிடும், ஏனெனில் 1, 3 இரண்டுக்கும் 10-க்கும் பொதுக் காரணி இல்லை.

ஆனால் இதற்கு ஓர் ஓட்டை உண்டு, பதிவேடு எழுதுகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. அதே எண்ணில் 72 என்பதை 27 என்று மாற்றி எழுதினால் இரட்டை இடக் கூட்டு 16, மும்மடங்கு 48. ஒற்றை இடக் கூட்டு 13. மொத்தம் 61. சரிபார்ப்பு இலக்கம் மறுபடியும் 9! பிழை தப்பிவிட்டது. அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால், அவற்றின் வித்தியாசத்தின் இருமடங்கு அளவுக்குத்தான் மொத்தம் மாறும். வித்தியாசம் 5 ஆக இருந்தால் அது 10. பத்தின் மடங்கைப் பார்க்கும் விதிக்கு அந்த மாற்றம் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே 0-5, 1-6, 2-7, 3-8, 4-9 ஆகிய ஐந்து சோடிகள் எண்ணில் பக்கத்தில் பக்கத்தில் வந்தால், சரிபார்ப்பு இலக்கத்தை நம்பி விட்டுவிடாமல் கண்ணால் இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

ஓட்டைக்குக் காரணம் 10 பகு எண்ணாக இருப்பது. 2 × 5 என்று அது உடைகிறது. உடையாத எண்ணை வைத்துக்கொண்டால் ஓட்டை அடையும். எண்ணூரின் காமராஜர் துறைமுகத்திலும் காட்டுப்பள்ளித் துறைமுகத்திலும் இறங்கும் கன்டெய்னர்களின் எண்ணில் நடப்பது அதுதான். நான்கு ஆங்கில எழுத்துகள், ஆறு இலக்கங்கள், பிறகு கட்டத்துக்குள் ஒரு சரிபார்ப்பு இலக்கம். எழுத்துகளுக்கு 10 முதல் 38 வரை மதிப்பு, 11-இன் மடங்குகளை மட்டும் தாண்டிவிட்டு: ஏ 10, பி 12, சி 13 என்று போகும். இடங்களுக்கு 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே 512 வரை எடை. பெருக்கிக் கூட்டி 11-ஆல் வகுத்த மீதிதான் சரிபார்ப்பு இலக்கம்.

விளக்கங்களில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் எண் சி-எஸ்-க்யூ-யூ 305438, சரிபார்ப்பு இலக்கம் 3. எழுத்துகளின் மதிப்பு 13, 30, 28, 32. எடைகளோடு பெருக்கினால் 13 + 60 + 112 + 256 = 441. இலக்கங்களுக்கு 48 + 0 + 320 + 512 + 768 + 4096 = 5744. மொத்தம் 6185. 11-ஆல் வகுத்தால் மீதி 3, சரியாக இருக்கிறது. இதில் கடைசி 38-ஐ 83 என்று மாற்றினால், வித்தியாசம் 5 ஆனதால் வேகன் விதி ஏமாந்துவிடும். இங்கே மொத்தம் 4905, 11-ஆல் வகுத்தால் மீதி 10. எழுதியிருப்பது 3. பிடிபட்டுவிட்டது. 11 பகா எண், எடைகள் எல்லாம் 2-இன் அடுக்குகள். அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் எப்படி இடம் மாறினாலும் மீதி மாறியே தீரும்.

மீதி 10 வந்தால் ஒரே இலக்கத்தில் எழுத முடியாது. அதை 0 என்று எழுதுகிறார்கள். அதனால் மீதி 0-உம் மீதி 10-உம் ஒன்றுபோலத் தெரியும், சிறிய ஓட்டை ஒன்று திரும்ப வந்துவிடும். மீதி 10 தரும் வரிசை எண்களைக் கன்டெய்னர்களுக்கு வைக்காமல் தவிர்ப்பது நல்லது என்று சர்வதேசத் தரவிதி அறிவுறுத்துவது இதனால்தான்.

0 முதல் 9 வரையுள்ள பத்து இலக்கங்களுக்குள்ளேயே நின்றுகொண்டு, அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறும் எல்லாப் பிழைகளையும் பிடிக்க முடியுமா? முடியும் என்று 1969-இல் காட்டியவர் டச்சுக் கணிதர் யாகோபஸ் வெர்ஹூஃப். ஆதார் எண்ணின் பன்னிரண்டாவது இலக்கம் அவருடைய முறையில் கணக்கிடப்படுவதுதான். வழக்கமான கூட்டலை விட்டுவிட்டு, வரிசை மாறினால் விடையும் மாறக்கூடிய ஒரு சேர்க்கை அட்டவணையை அவர் பயன்படுத்தினார். அந்த அட்டவணையில் 2-உடன் 7-ஐச் சேர்த்தால் 9, 7-உடன் 2-ஐச் சேர்த்தால் 5.